மாரிக்கு முன் ஒரு மறுநடுகை: வாளித் தோட்டம் இப்போது எப்படி இருக்கிறது

சித்திரைக்குப் பிறகு வாளிகளிலும் உரப்பைகளிலும் வைத்த கத்தரியும் தக்காளியும் இந்த முறை ஆடி கழியுமுன்பே காய்த்து ஓய்ந்துவிட்டன. தென்மேற்கிலிருந்து வரும் வறண்ட கச்சான் காற்று உரக்க அடித்தால் தக்காளிப் பூ நிற்காது, காம்போடு கொட்டிவிடும். ஆகஸ்ட் நடுவில் சுவரோரம் முழுக்க வெறும் வாளிகள்.

"ஏன் மகள் இந்த வெயிலுக்க கிடந்து சாகிறாய், மழை வரட்டுமே" என்றார் பக்கத்து வளவு மாமி. வயலுக்கு அது சரி. வாளிக்குச் சரிவராது என்பது என் எண்ணம். மட்டக்களப்பில் வருடத்து மழையின் பெரும்பங்கு நவம்பருக்கும் ஜனவரிக்கும் இடையில் கொட்டித் தீர்க்கிறது. அந்த நேரம் விதை போட்டால் அழுகும், முளைத்தாலும் சாயும். முன்பே வேர்பிடித்து நிற்கிற செடிதான் அடைமழையைத் தாங்கும். ஆகவே நவம்பரிலிருந்து பின்னோக்கி எண்ணினேன். வெண்டி 45–50 நாளில் காய்க்கும். ஆகஸ்ட் கடைசியில் போட்டால் அடைமழைக்கு முன் இரண்டொரு வாரமாவது பறிக்கலாம். முளைக்கீரைக்கு 25 நாள் போதும். கொச்சிக்காய்க்கு, அதாவது மிளகாய்க்கு, நாற்றாகவே ஒரு மாதம் போய்விடும் என்பதால் அதன் விதை முதலில் தட்டில் விழுந்தது.

வேலை முழுக்க மண்ணில்தான் இருந்தது. கத்தரி நின்ற வாளியைக் கவிழ்த்ததும் மண் கலையாமல் வாளியின் உருவத்திலேயே வந்து நின்றது, சுற்றிலும் வேர் வலை. விளிம்பில் வெள்ளையாக உப்பு. நகத்தால் சுரண்டினால் பொடியாக உதிர்ந்தது. கடலுக்கும் வாவிக்கும் நடுவே இருக்கிற எங்கள் எழுவான்கரைக் கிணறுகளில் கோடை முற்ற முற்ற உவர் ஏறும். ஊற்றிய தண்ணீர் வெயிலில் போய்விடும், உப்பு மட்டும் மண்ணில் தங்கும். அதனால் குழாய்த் தண்ணீரை நிறைய விட்டு, அது முழுக்க வடிந்து போகும்வரை ஒவ்வொரு வாளி மண்ணையும் கழுவினேன். உப்போடு சத்தும் கழுவுண்டு போகும். ஆகவே இரண்டு பங்கு பழைய மண்ணுக்கு ஒரு பங்கு மக்கிய மாட்டெரு, ஒரு பங்கு தேங்காய்த் தும்புத்தூள். எரு வாவிக்கு மேற்கே இருக்கிற படுவான்கரையிலிருந்து வந்தது, கையில் எடுத்தால் சாண வாடையே இல்லை. தும்புத்தூளிலும் உப்பு இருக்கும், அதையும் ஊறவைத்துப் பிழிந்துதான் சேர்த்தேன்.

வேரை உதறிப் பார்க்காமல் எந்த மண்ணையும் திரும்பப் பாவிக்க வேண்டாம். ஒரு வாளியில் மணி கோர்த்த மாதிரி வேரெல்லாம் முடிச்சு முடிச்சாக இருந்தது. அது வேருக்குள் புகுந்து வாழும் வட்டப்புழு என்ற நுண்புழுவின் வேலை. அந்த மண் தென்னையடிக்குப் போனது, வேரை எரித்துவிட்டேன்.

கத்தரி, தக்காளி, கொச்சிக்காய் மூன்றும் ஒரே குடும்பம், ஒன்றின் நோய் மற்றதுக்கும் வரும். ஆகவே கத்தரி வாளிகளுக்கு வெண்டி, போன முறை பயற்றை நின்ற உரப்பைகளுக்குக் கொச்சிக்காய் என்று மாற்றினேன். வெண்டி விதையை இரவு ஊறவைத்து வாளிக்கு இரண்டாக அரை அங்குல ஆழத்தில் ஊன்றி, முளைத்த பின் நல்லதை விட்டு மற்றதைக் கிள்ளினேன். மேலே கிளிரிசீடியா இலையும் வாழைச்சருகும் தடிப்பாகப் போட்டதில், கச்சான் வெயிலிலும் உள்ளே விரல் விட்டால் ஈரம் தட்டுப்பட்டது.

இப்போது செப்டம்பர் கடைசி. முளைக்கீரை ஒருமுறை சுண்டலுக்கு வந்தாயிற்று. வெண்டியில் மொட்டு விட்டிருக்கிறது. கொச்சிக்காய்க் கன்றுகளை மாலையில் நட்டு, கிடுகால் நிழல் கொடுத்தேன், பெரும்பாலும் பிடித்துவிட்டன. சிலதில் நுனி இலை சுருள்கிறது, அடிப்பக்கம் திருப்பினால் வெள்ளை ஈ. கொஞ்சம் வேப்பெண்ணெயையும் சவர்க்காரத்தையும் தண்ணீரில் கரைத்து மாலை வேளைகளில் இலைக்கு அடியில் படும்படி தெளிக்கிறேன். மழைக்குக் காத்திருக்கச் சொன்ன மாமி, தன் வேலியிலிருந்து பசளித் தண்டு முறித்துத் தந்து "இதையும் ஒரு வாளியில ஊன்று" என்றார். அதுவும் துளிர்த்துவிட்டது.

பயற்றையை மட்டும் இன்னும் போடவில்லை. உவர்த் தண்ணீரில் அதைத் தொடங்க மனமில்லை. ஒக்டோபரில் முதல் மழை விழுந்து கிணறு கொஞ்சம் தெளிந்ததும் ஊன்றலாம் என்று இரண்டு உரப்பைகளை ஒதுக்கி வைத்திருக்கிறேன். அதற்குமுன் வாளிகளைச் செங்கல்லின் மேல் தூக்கிவைக்க வேண்டும். கோடையில் அடியில் ஈரம் தேங்கட்டும் என்று துளைகளைப் பக்கவாட்டில் ஓர் அங்குலம் உயர்த்திப் போட்டிருந்தேன். மாரிக்கு அது ஆகாது, அடியிலும் துளை போட வேண்டும்.