பழுதுபார்த்த வலை

பெரியப்பா கால் பெருவிரலில் வலையை மாட்டி இழுத்துப் பிடித்து, கிழிசலைப் பின்னிக்கொண்டிருந்தார். கடியப்பட்டணம் கடற்கரை, இன்று காலை.

பழைய நூல் வெளிறிய நீலம். புது நூல் அடர்பச்சை. பின்னிய இடம் தூரத்திலிருந்தே தெரிந்தது.

"புதிதாக ஒன்று வாங்கக் கூடாதா, பெரியப்பா?"

"எதற்கு மக்கா? மீன் நிறமா பார்க்கிறது?"

விவிலியத்தில், மத்தேயு 4:21இல், சீடர்கள் யாக்கோபும் யோவானும் வலையைப் பழுதுபார்க்கிறார்கள். அங்குள்ள அதே கிரேக்க வினைச்சொல்தான் 1 பேதுரு 5:10இலும் வருகிறது. துன்பப்பட்டவர்களைக் கடவுள் 'சீர்ப்படுத்துவார்' என்ற இடத்தில்.

கடையை மூடிவிட்டுக் கடனில் கிடந்த இரண்டு வருடமும், கிழிந்த தடமே தெரியாமல் என்னைப் புதிதாக்கும் என்றுதான் செபித்தேன். கொஞ்சம் பேராசைதான்.

அடுத்த மாதம் கடை திறக்கிறேன். பாதி இடத்தில், பழைய அலமாரிகளோடு.

பெரியப்பா ஊசியை என்னிடம் நீட்டினார். மூன்று முடிச்சு போட்டேன். இரண்டை அவிழ்த்துவிட்டார்.