ஐந்துக்கு அடியில் ஒரு கோடு

பழைய புகையிலை பைப்புகளைச் சேகரிப்பவர்களுக்கான இணையக் களஞ்சியம் ஒன்றைப் புதுப்பித்துத் தரச் சொல்லி வேலை வந்தால், முதல் கூட்டத்தில் எழும் கேள்வி பெரும்பாலும் "எத்தனை பக்கம், எத்தனை ஜிபி?" என்பதுதான். தரமணியிலோ பெருங்குடியிலோ உட்கார்ந்து வெளிநாட்டுத் தளங்களைப் பராமரிப்பவர்களுக்கு அந்தக் கணக்கு பழகிப்போன ஒன்று. ஒரு மாலையில் போட்டுவிடலாம். இந்த வேலையின் கனம் அதில் இல்லை. பக்கங்கள் எல்லாம் பத்திரமாக வந்து சேர்ந்த பிறகும் களஞ்சியம் பாழாகிப் போயிருக்க முடியும், அதுவும் யார் கண்ணிலும் படாமல்.

அங்கே தேடி வருபவர் பெரும்பாலும் கேட்பது, கையில் இருக்கும் இந்தப் பைப் எந்த ஆண்டு செய்தது என்பதை. மத்தியதரைக் கடலோரம் வளரும் எரிகா ஆர்போரியா என்ற புதரின் வேர்முண்டிலிருந்து கடைந்த கிண்ணம், அதோடு ஒட்டிய தண்டு, எபனைட் என்ற கெட்டி ரப்பரில் செய்த வாய்ப்பகுதி, சிலவற்றில் ஒரு வெள்ளிப் பூண். ரசீது எதுவும் கூட வராது. தண்டில் குத்திய முத்திரையும், பூணில் உள்ள ஹால்மார்க்கும், பழைய கேட்டலாக் பக்கங்களும்தான் சாட்சி. அந்தச் சாட்சிகளைப் பல நாட்டுச் சேகரிப்பாளர்கள் ஆண்டுக்கணக்கில் படித்து, ஒருவர் வாசிப்பை இன்னொருவர் திருத்தி, எழுதிச் சேர்த்ததே களஞ்சியம். சுவடியிலிருந்து பதிப்பிப்பவர்கள் மூலபாடத்தை மேலே வைத்துப் பாடபேதங்களை அடியில் தருவார்களே, அந்த ஒழுங்குதான் இதற்கும் வேண்டும். முடிவை மட்டும் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டுச் சாட்சியையும் சந்தேகத்தையும் வழியில் சிந்திவிட்டால் மிஞ்சுவது ஒரு பட்டியல். அதை நம்பி யாரும் ஒரு பைப்பை மதிப்பிட முடியாது.

டன்ஹில் பைப்புகளைப் பாருங்கள். ஆல்ஃபிரட் டன்ஹில் 1907இல் லண்டன் டியூக் தெருவில் கடை திறந்தார். 1920களிலிருந்து அந்த நிறுவனத்தின் பைப்புகளில், காப்புரிமை எண்ணையோ 'மேட் இன் இங்கிலாந்து' என்ற வாசகத்தையோ ஒட்டி ஒரு சிறு இலக்கம் இருக்கும். செய்த ஆண்டைச் சுட்டுவது அதுதான். ஆனால் இலக்கங்கள் சுற்றித் திரும்ப வரும். அப்படியானால் 5 என்பது எந்த 5? இலக்கம் பக்கத்து எழுத்தின் உயரத்துக்கு இருக்கிறதா, சிறியதா, மேலே தூக்கி நிற்கிறதா, அடியில் கோடு உண்டா என்று பார்த்துத்தான் காலத்தைப் பிரிக்கிறார்கள். பழைய பக்கத்தை எழுதியவர் அதைக் கண்ணுக்குத் தெரிந்தபடியே காட்ட மேலெழுத்துக் குறியும் அடிக்கோட்டுக் குறியும் போட்டிருப்பார். வடிவமைப்புக் குறிகளைக் களைந்து சுத்தமான உரையைத் தருவதாகச் சொல்லும் கருவிகள் இரண்டையும் துடைத்துவிடும். பிழைச்செய்தி எதுவும் வராது. பக்கம் முன்பைவிட நன்றாகவே தெரியும். காணாமல் போயிருப்பது ஒரு பத்தாண்டு.

இதைத் தடுக்கும் வழி எளிமையானது, ஆனால் பொறுமை கேட்பது. மாற்றத்துக்கு முன்பே ஒவ்வொரு பக்கத்திலும் மேலெழுத்து, அடிக்கோடு, அடித்தல், சிறிய எழுத்து ஆகிய குறிகள் எத்தனை என்று ஒரு சிறு ஸ்கிரிப்ட்டால் எண்ணி அட்டவணை எடுத்துக்கொள்ள வேண்டும். மாற்றிய பிறகு அதே எண்ணிக்கையை மறுபடி எடுத்துப் பக்கவாரியாக ஒப்பிட வேண்டும். மொத்தத்தை மட்டும் ஒப்பிட்டால் போதாது; ஒரு பக்கத்தில் குறைந்தது இன்னொன்றில் கூடியதால் சரிக்கட்டிப் போகும். எண்ணிக்கை மாறிய பக்கங்களை மனிதக் கண் பார்த்தே ஆக வேண்டும்.

வெள்ளிப் பூணிலும் இதே சிக்கல் வேறு உருவில் வரும். இங்கிலாந்து ஹால்மார்க்கில் நடக்கும் சிங்கம் இருந்தால் அது 92.5 சதவீத வெள்ளி. வெள்ளியைச் சோதித்த அலுவலகம் எந்த ஊர் என்பதை இன்னொரு சின்னம் சொல்லும்: நங்கூரம் பர்மிங்ஹாமைக் குறிக்கும், சிறுத்தைத் தலை லண்டனை. மூன்று கதிர்க்கட்டும் வாளும் செஸ்டர். அந்தச் சோதனை அலுவலகம் 1962இல் மூடப்பட்டுவிட்டது. இவற்றோடு ஆண்டைச் சொல்லும் ஒற்றை ஆங்கில எழுத்து ஒன்றும் இருக்கும். அகரவரிசை முடிந்ததும் எழுத்துகள் மறுபடி முதலிலிருந்து வரும். எழுத்தின் பாணியையும் அதைச் சுற்றிய கேடய வடிவத்தையும் மாற்றிச் சுற்றுகளைப் பிரித்துக்காட்டுவார்கள். ஆக, தரவுத்தளத்தில் 'ஆண்டு எழுத்து' என்று ஒரு பெட்டி வைத்து அதில் வெறும் எழுத்தைத் தட்டினால் பயனில்லை. எழுத்துப் பாணி, கேடயத்தின் மேல்விளிம்பு, கீழ்விளிம்பு, கூடவே படம், எல்லாம் ஒரே பதிவில் இருக்க வேண்டும். நிக்கல் பூண்களில் ஹால்மார்க் போலவே தோன்றும் அலங்காரச் சின்னங்கள் வருவதால், "இது ஹால்மார்க் அல்ல" என்று பதியவும் ஓர் இடம் வேண்டும்.

பர்மிங்ஹாமில் ஆண்டு எழுத்து 1975க்கு முன்பு ஜனவரியில் மாறவில்லை, ஆண்டின் நடுவில் மாறியது. ஓர் எழுத்து இரண்டு நாட்காட்டி ஆண்டுகளில் கால் வைக்கும். அயர்லாந்துப் பைப்புகளிலோ நாட்டின் பெயரே சாட்சி. டப்ளினின் பீட்டர்சன் பைப்பில் 'ஐரிஷ் ஃப்ரீ ஸ்டேட்' என்று குத்தியிருந்தால் அது 1922க்கு முந்தியதாக இருக்க முடியாது, ஏனென்றால் அதற்கு முன் அந்த அரசே இல்லை. 1937 இறுதியில் அந்தப் பெயர் போனது. ஆனால் பட்டறையில் இருக்கும் முத்திரை அச்சு அரசியலமைப்பு மாறிய நாளிலேயே குப்பைக்குப் போகும் என்று எதிர்பார்க்க முடியாது. கீழெல்லை உறுதி, மேலெல்லை அந்த அளவுக்கு இல்லை. காப்புரிமை எண்ணும் இப்படித்தான்: எண் வழங்கப்பட்ட ஆண்டுக்குப் பிந்தையது என்று சொல்லும், எவ்வளவு பிந்தையது என்று சொல்லாது.

இவ்வளவையும் புதிய தளத்தின் ஒற்றைத் தேதிப் பெட்டிக்குள் திணித்தால் நடப்பது இதுதான். "சுமார் 1925, இன்னும் உறுதியில்லை" என்று எழுதியிருந்த வரி 1925 ஜனவரி 1 என்று ஆகிவிடும். அடுத்து, தேடலில் காலவரிசைப்படி அடுக்கும்போது அதற்கு ஒரு நிச்சயமான இடம் கிடைக்கும். ஏலக் குறிப்பு எழுதுபவர் அதைப் பார்த்து "1925" என்று அச்சிடுவார். பிறகு அந்த ஏலக் குறிப்பே மேற்கோளாகிக் களஞ்சியத்துக்குத் திரும்பி வரும். ஊகம் ஒன்று இப்படி ஒரு சுற்று சுற்றிவிட்டு ஆதாரமாகிவிடுகிறது. இதைவிடப் பெரிய சேதம் இந்த வேலையில் வேறில்லை என்றே சொல்வோம்.

நாங்கள் கைக்கொள்ளும் அமைப்பில் ஒரு காலக்குறிப்புக்கு நான்கு பெட்டிகள்: முந்திய எல்லை, பிந்திய எல்லை, எதை வைத்துச் சொல்கிறோம், பழைய பக்கத்தில் எழுதியிருந்த சொற்கள் அப்படியே. நான்காவதை "இனி தேவையில்லை" என்று நீக்கச் சொல்லும் வடிவமைப்பாளர்கள் எல்லாத் திட்டத்திலும் இருப்பார்கள். விட்டுக்கொடுக்கக் கூடாது. முத்திரை வாசகத்துக்கும் தனிப் பெட்டி: பெரிய எழுத்து, சிறிய எழுத்து, வரி முறிவு, தேய்ந்த எழுத்துக்கு ஒரு புள்ளி என்று கண்டபடியே படியெடுக்க வேண்டும். அதன் பொருள் என்ன என்ற விளக்கம் வேறு பெட்டியில்.

எழுத்துக் குறியாக்கம் பற்றித் தமிழ்நாட்டில் அதிகம் விளக்க வேண்டியதில்லை. வானவில், பாமினி, ஸ்ரீலிபி எழுத்துருக்களில் தட்டிய கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றியவர்களுக்கு, திரையில் தெரிவது ஒன்று, உள்ளே இருக்கும் பைட்டு வேறு என்பது கைவந்த பாடம். மைஎஸ்க்யூஎல் என்ற தரவுத்தள மென்பொருளில் ஓடும் பழைய தளங்களில் அட்டவணை தன் குறியாக்கம் 'லத்தீன்1' என்று சொல்லிக்கொள்ளும். உள்ளே இருப்பதோ யூனிகோடுக்கான யூடிஎஃப்-8 பைட்டுகள். அட்டவணையின் பேச்சை நம்பி நேராக யூடிஎஃப்8எம்பி4க்கு (முழு யூடிஎஃப்-8க்கு மைஎஸ்க்யூஎல் வைத்த பெயர்) மாற்றினால் ஏற்கெனவே குறியாக்கப்பட்டது இன்னொரு முறை குறியாக்கப்படும். பவுண்ட் குறிக்கு முன்னால் தொப்பி போட்ட 'ஏ' வந்து நிற்கும். டேனிஷ் கைவினைஞர்களின் பெயர்களும், பைப் கடையப் பயன்படும் மீர்ஷாம் கல் கிடைக்கும் துருக்கியின் எஸ்கிஷெகிர் நகரப் பெயரும் உடைந்து, தேடலில் கிடைக்காமல் போகும். சரியான வழி, முதலில் நெடுவரிசையைப் பைனரி வகைக்கு மாற்றி, அதன் பிறகே யூடிஎஃப்8எம்பி4 என்று அறிவிப்பது. இதிலும் ஒரு கண்ணி உண்டு: தளத்தின் வாழ்நாளில் நடுவே யாராவது இணைப்பு அமைப்பை மாற்றியிருந்தால் பாதி வரிசைகள் ஒரு விதம், மீதி வேறு விதம். அப்போது மொத்தமாக மாற்றாமல், வரிசை வரிசையாகச் சோதித்து உடைந்ததை மட்டும் திருத்த வேண்டும்.

விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கி மென்பொருளில் ஓடும் களஞ்சியமானால் இன்னும் சில. பக்கங்களை மொத்தமாக ஒரே கோப்பில் இறக்கும் எக்ஸ்எம்எல் டம்ப் எடுக்கும்போது முழுத் திருத்த வரலாற்றோடு எடுக்க வேண்டும். கடைசிப் பதிப்பை மட்டும் எடுத்தால் யார், எப்போது, ஏன் திருத்தினார் என்பது போய்விடும். சாதாரண டம்ப்பில் படங்கள் வராது; படக் கோப்புறையைத் தனியே நகலெடுத்து, ஒவ்வொரு கோப்புக்கும் எஸ்ஹெச்ஏ-256 சரிபார்ப்பு எண் பட்டியல் போட்டுக்கொள்ள வேண்டும். மிகப் பழைய பதிப்பிலிருந்து புதியதுக்கு ஒரே தாவலாகப் போக முயலாமல், 1.35 போன்ற நீண்டகால ஆதரவுப் பதிப்பில் ஒருமுறை இறங்கி ஏறுவது நல்லது. வேலை நடக்கும் நாட்களில் தளத்தை வாசிக்க மட்டும் திறந்து வையுங்கள். ஸ்பேம் கணக்குகளை மாற்றத்துக்கு முன்பே களையலாம்.

உரையாடல் பக்கங்களை விட்டுவிடாதீர்கள். குப்பை என்று நினைத்து ஒதுக்கப்படுவது பெரும்பாலும் அவைதான். ஒரு முத்திரையை இப்படிப் படிக்க முடியாது, என்னிடம் உள்ள பைப்பில் வேறு மாதிரி இருக்கிறது என்று இரண்டு பேர் வாதிட்ட தடம் அங்கே மட்டும் இருக்கும். எழுதியவர்களில் பலர் முதியவர்கள். இனி யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாத பதில்கள் அவை.

படங்களைப் பொறுத்தவரை, பழைய சிறிய படங்களைப் பெரிதாக்கும் மென்பொருளை முத்திரைகளின் மேல் ஓட்டக் கூடாது. இல்லாத விவரத்தை அது வரைந்து தரும். தேய்ந்த 3 கூர்மையான 8 ஆகலாம். முடிந்தால் பைப்பை மறுபடி படமெடுக்கச் சொல்லுங்கள். டியூப்லைட்டின் பரவலான ஒளியில் முத்திரை தட்டையாகிவிடும். அறையை இருட்டாக்கி, ஒரு சிறு டார்ச்சைத் தண்டோடு ஏறக்குறைய படுத்த கோணத்தில், 15 டிகிரி அளவில் வைத்தால் பள்ளங்களில் நிழல் விழுந்து எழுத்து எழும். இடமிருந்து ஒன்று, வலமிருந்து ஒன்று, நுனியிலிருந்து ஒன்று என எடுத்தால், கீறல் எது, எழுத்தின் கோடு எது என்று பிரிக்கலாம். தண்டு உருண்டையானதால் நடுப்பகுதி மட்டுமே கூர்மையாக விழும். சற்றே உருட்டி மூன்று படங்களாவது வேண்டும். மில்லிமீட்டர் அளவுகோல் ஒன்று சட்டகத்துக்குள் இருக்கட்டும். அது இல்லாத படத்தில் இலக்கம் சிறியதா பெரியதா என்பதை எப்படிச் சொல்வது?

படமெடுக்கும் முன் பூணைப் பளிச்சென்று துடைத்துவிடலாம் என்று தோன்றும். நம் வீடுகளில் வெள்ளி விளக்கை விபூதி போட்டுத் தேய்ப்பது போல ஹால்மார்க்கைத் தேய்க்கவே கூடாது. விபூதியோ பற்பசையோ எதுவானாலும் நுண்துகள் உராய்ந்து வெள்ளியைச் சுரண்டும்; கேடய விளிம்புதான் முதலில் மழுங்கும். எபனைட்டில் கந்தகம் இருப்பதால் அதை ஒட்டிய பூண் கறுப்பது இயல்பு. கறுப்பு எழுத்தின் பள்ளத்தில் தங்குவதால் படத்துக்கு அது உதவியும்கூட. மென்மையான பருத்தித் துணியால் தூசியை மட்டும் எடுங்கள். எபனைட் வெயிலில் பழுப்பும் பச்சையுமாக மாறிவிடும், சென்னை வெயிலில் சன்னலோரம் வைத்து எடுக்க வேண்டாம்.

பக்க முகவரிகள் மாறினால் பழைய முகவரி ஒவ்வொன்றுக்கும் 301 திருப்பம், அதாவது வருபவரைத் தானாகப் புதிய முகவரிக்கு அனுப்பும் நிரந்தர ஏற்பாடு, வேண்டும். அச்சான ஏலக் குறிப்புகளில் உள்ள முகவரிகளை யாரும் திருத்தப் போவதில்லை. இறந்துபோன வெளியிணைப்புகளை நீக்காமல், பக்கத்திலேயே இணையக் காப்பகத்தின் பழைய நகலுக்கு இணைப்புத் தருவது போதும்.

சட்டமும் கவனிக்க வேண்டியது. 2003ஆம் ஆண்டின் புகையிலைப் பொருட்கள் சட்டத்தின் 5ஆம் பிரிவு விளம்பரத்தைத் தடை செய்கிறது. பைப்புக்கான புகையிலை அதன் அட்டவணையில் உண்டு. ஆகவே இங்கிருந்து பராமரிக்கும் களஞ்சியத்தில் புகையிலைக் கடைகளின் பதாகைகளுக்கு இடமில்லை என்பது எங்கள் நிலை. பொருளின் வரலாற்றை எழுதுவதும் புகைக்கச் சொல்வதும் ஒன்றல்ல. அந்த வேறுபாட்டைத் தளத்தின் தோற்றத்திலேயே தெரியவைப்பது நல்லது. கேட்டலாக் படங்களுக்குச் சேகரிப்பாளர்கள் கொடுத்த அனுமதி மின்னஞ்சல்களைப் படத்தின் பதிவோடு சேர்த்தே வையுங்கள். தனி மின்னஞ்சல் பெட்டியில் கிடந்தால், அந்தக் கணக்கு மூடும் நாளில் அனுமதியும் போய்விடும்.

புதிய சர்வருக்கு மாறும் நாளை அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வைக்காதீர்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தை இந்த ஊரில் யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. நகல் மூன்று, இரண்டு வகை ஊடகத்தில், ஒன்று சென்னைக்கு வெளியே. மாதம் ஒருமுறை அதில் ஒன்றை வெற்றுச் சர்வரில் ஏற்றி, சரிபார்ப்பு எண்களை ஓட்டி, மேலெழுத்து, அடிக்கோட்டுக் குறிகள் நிறைந்த பத்துப் பக்கங்களையாவது பழையதோடு பக்கத்தில் வைத்துப் படியுங்கள். பழைய சர்வரை உடனே அணைக்காமல் ஆறு மாதம் வாசிக்க மட்டும் விட்டு வைத்தால், சேகரிப்பாளர்களே வந்து எது குறைகிறது என்று சொல்வார்கள். அவர்கள் சொல்வதை ஒரே இடத்தில் பதிந்து, ஒவ்வொன்றையும் பழைய பக்கத்தோடு ஒத்துப்பார்த்துத் தீர்த்த பிறகே அந்த இயந்திரத்தை நிறுத்தலாம்.