வயிற்று உப்புசத்துக்கு அஷ்ட சூரணம்: பெருங்காயத்தில் கவனம்

சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், சீரகம், கருஞ்சீரகம், இந்துப்பு, பெருங்காயம். எட்டே சரக்கு, ஆயுர்வேதத்தில் ஹிங்வாஷ்டகம். முதல் ஏழும் வகைக்கு 10 கிராம். பெருங்காயத்தையும் சம எடை போடுவோர் உண்டு. வீட்டுக்கு 5 கிராமே தாராளம்.

சொதப்புவது பெரும்பாலும் பெருங்காயத்தில்தான். பச்சையாகச் சேர்த்தால் நெஞ்சு எரியும். சிறு துண்டுகளாக்கி, நெய்யில் சிறுதீயில் பொரிய விட்டு, ஆறியபின் இடிக்க வேண்டும். கடையில் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயத்தில் மாவும் பிசினும் கலந்திருக்கும். கோதுமை ஒத்துக்கொள்ளாதவருக்கு அந்த மாவே வயிற்றை ஊத வைக்கும். மற்றவற்றை லேசாக வறுத்துப் பொடித்துச் சலிக்கவும். ஈரம் பட்டால் இந்துப்பு நீர்த்துக் கட்டியாகிவிடும், ஆகவே கண்ணாடிப் புட்டி.

அரைத் தேக்கரண்டிப் பொடியை உருக்கிய நெய்யோடு, சோற்றின் முதல் கவளத்தில் பிசைந்து சாப்பிட வேண்டும். சாப்பிட்டு முடித்து ஏப்பம் வந்தபின் தண்ணீரில் விழுங்குவது சொன்ன முறையல்ல.

புளியேப்பம், குடல்புண் உள்ளவர்களுக்கு இது ஆகாது. இரத்த அழுத்தக்காரர்கள் உப்பைக் கணக்கில் வைக்கவும், கர்ப்பிணிகள் தவிர்க்கவும். இரண்டு மூன்று வாரமாகியும் உப்புசம் விடவில்லை, எடை குறைகிறது, மலத்தில் இரத்தம் என்றால் சூரணத்தை மூடிவைத்துவிட்டு மருத்துவரிடம் போங்கள். ஐம்பது தாண்டிய பெண்களுக்குப் புதிதாக வரும் தொடர் உப்புசத்தில் சினைப்பையையும் பார்ப்பார்கள்.