பாவும் ஊடையும்

விலங்கியல் சார் தவறிவிட்டார் என்ற செய்தி நம் பழைய மாணவர் குழுவில் வந்த வாரம், இந்த மலருக்கு ஏற்காட்டு சுற்றுலாவைப் பற்றி எழுதுவதாக ஒப்புக்கொண்டிருந்தேன். அது அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம்.

இனப்பெருக்கப் பாடத்தை ‘வீட்டுல படிச்சுக்குங்க’ என்று தாண்டிவிடுவதுதான் அன்றைய வழக்கம். சார் அதற்கு மூன்று வாரம் எடுத்தார். கடைசி பெஞ்சுச் சிரிப்பு அடங்கும்வரை சாக்பீஸை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டே நிற்பார்.

முதல் நாள் சந்தைச் சேவல் ஒன்றை அறுத்துக் காட்டினார். விந்து சுரக்கும் விதைகள் வயிற்றுக்குள், சிறுநீரகத்தின் முன்முனையை ஒட்டி, வெளுத்த அவரைக்கொட்டை போல இரண்டு. பிறகு பெர்த்தோல்ட் என்ற ஜெர்மன் விஞ்ஞானி 1849-இல் வெளியிட்ட சோதனை. ஆறு சேவல். இரண்டுக்கு விதைகளை முழுசாக எடுத்தார். கொண்டை சுருங்கியது, கூவலும் சண்டையும் நின்றன. மற்ற நாலின் வயிற்றுக்குள் நரம்பறுந்த விதை ஒன்று மட்டும் கிடந்தது. அவை கூவின, சண்டையிட்டன, பெட்டையைத் துரத்தின. அறுத்துப் பார்த்தால் விதையில் புது ரத்தக்குழாய்கள், நரம்பு சேரவில்லை. ‘அப்ப சேதி எது வழியாப் போச்சு?’ ரத்தம் என்று யாரோ முனகினோம். ரத்தத்தில் போகும் அந்தச் சேதிதான் ஹார்மோன்.

அந்தப் பாடத்தின் தேர்வில்தான் ஒருவன் ‘ஹார்மோன் நடத்தையைத் தீர்மானிக்கிறது’ என்று எழுதினான். சார் தாளை உரக்கப் படித்தார். ‘ஏன் கண்ணு, தீர்மானிக்குதா? வயசான பிறகு காயடிச்ச மாடு இன்னமும் பசு மேல ஏன் தாவுது?’ அவனைக் கரும்பலகைக்கு அழைத்து, அந்தச் சொல்லை அழித்து ‘தூண்டுகிறது’ என்று பத்துமுறை எழுத வைத்தார். தாள் யாருடையது என்பது நம் செட்டுக்குத் தெரியும்.

அம்மாப்பேட்டை நெசவுத் தறி அன்றுதான் பாடத்துக்குள் வந்தது. 1959-இல் கருவுற்ற கினிப்பன்றிகளுக்கு டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் கொடுத்தார்கள். பிறந்த பெண் குட்டிகள் வளர்ந்த பிறகு, ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரான் என்ற பெண் ஹார்மோன்களை ஏற்றியும், இணை சேர ஆணுக்குச் சரியாக முதுகு வளைத்துக் கொடுக்கவில்லை. ‘பாவு, நீளவாக்குல ஓடுற நூல், பொறக்கறதுக்கு முன்னாடியே ஓடிருச்சு. வயசுக்கு வந்தபின் வர்ற ஹார்மோன் ஊடை, குறுக்க போற நூல். ஊடையை மாத்தலாம், பாவை மாத்த முடியாது.’ சாதாரணப் பெண் எலிக்கு ஈஸ்ட்ரோஜன் ஓரிரு நாள் ஊறி, அதன்மேல் புரோஜெஸ்டிரான் வந்த நாலைந்து மணி நேரத்தில் முதுகு வளையும். அதற்கான இடம் மூளையில் ஹைப்போதலாமஸ் என்ற பகுதியின் அடிப்பக்கம். ‘மனுசிக்கு அப்படி நாள் குறிச்ச கதவு கிடையாது. ஆம்பளைக்கும் விதையை எடுத்தா ஆசை அன்னைக்கே போயிராது, சிலருக்கு வருசக்கணக்குல தங்கும். பழக்கம், நினைப்பு, பயம் எல்லாம் அந்தத் தறியிலதான் ஏறுது.’

மூளையிலிருந்து, அதன் அடியில் தொங்கும் பிட்யூட்டரி சுரப்பிக்குப் போகும் ஜிஎன்ஆர்ஹெச் என்ற ஹார்மோன் சுமார் மணிக்கொருதரம் துடிப்பாக வர வேண்டும். விடாமல் ஏற்றினால் பிட்யூட்டரி மரத்துப்போகும். குரங்கில் நோபில் என்ற விஞ்ஞானியின் குழு 1978-இல் காட்டியது. சார் மில் சங்கைச் சொன்னார்: ‘நேரத்துக்கு ஊதினா ஷிஃப்டுக்கு ஆள் வரும். ஓயாம ஊதினா எவன் காதுல விழும்?’

நான் இங்கே வேலை பார்க்கும் கருத்தரிப்பு மையத்தில் தினமும் போடும் ஊசி அந்த ஓயாத சங்குதான், ஜிஎன்ஆர்ஹெச் போன்ற மருந்தை விடாமல் ஏற்றுவது. முதல் சில நாள் ஹார்மோன் ஏறும், பயப்படுவார்கள். பிறகு இறங்கும், முட்டை முன்கூட்டியே வெடித்து வீணாகாது. பயந்தவர்களிடம் சங்கைச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். மில்லைப் பார்த்தவர் ஒருவரும் இல்லை. சாருக்கு இதை ஒரு கடிதமாக எழுத பத்தொன்பது வருடமாக நேரம் கிடைக்கவில்லை.