போல்ட் ஓட்டை நேர்படாதபோது ராட்செட் பெல்ட்

வண்டிக்குப் புது கமான் செட் (வளைந்த பட்டை ஸ்பிரிங்) மாட்டும்போது எல்லாம் ஒழுங்காகப் போய், கடைசியில் கமான் பட்டைகளை நடுவில் சேர்த்துப் பிடிக்கும் சென்டர் போல்ட்டின் தலை, ஆக்சிலில் கமான் உட்காரும் சீட்டின் குழிக்கு அரை அங்குலம் தள்ளி நிற்கும். உடனே கடப்பாரை வரும், அதுவும் சரிவராவிட்டால் சுத்தியல் வரும். ஒருவர் நெம்பிப் பிடிக்க, இன்னொருவர் கீழே படுத்துக்கொண்டு "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்பார். கடப்பாரை வழுக்கினால் கீழே இருப்பவரின் விரல்தான் போகும். லாரியில் லோடு கட்டுகிற ராட்செட் பெல்ட் ஒன்று இருந்தால் இதை ஒரே ஆள், அவசரப்படாமல், பல் பல்லாக இழுத்து முடித்துவிடலாம். இழுத்த இடத்தில் அது அப்படியே நிற்கும் என்பதுதான் பெரிய வசதி. கடப்பாரை நிற்காது.

கமான் வேலையையே எடுத்துக்கொள்வோம். ஆக்சிலுக்கு மேல் கமான் உட்காரும் வண்டி. சேஸிஸ் இரண்டு ஸ்டாண்டுகளில், ஆக்சில் டிராலி ஜாக்கியில். கமானின் முன்முனை வளையமான முன்கண்ணின் போல்ட்டும், பின்முனையை ஆடவிட்டுப் பிடிக்கும் சாக்கிளும் மாட்டியாகிவிட்டது, நட்டுகள் கைமுறுக்கில் மட்டும் இருக்கின்றன. புதுக் கமானுக்கு வளைவு அதிகம் என்பதால் பாரமில்லாதபோது கண்ணுக்குக் கண் நீளம் பழையதைவிடக் குறைவு. அதனால் சென்டர் போல்ட் பழைய இடத்தில் வந்து நிற்காது. ஆக்சிலோ மறுபக்கக் கமானில் மாட்டியிருப்பதால் லேசாகக் கோணிக்கொண்டிருக்கும்.

பெல்ட்டை ஆக்சில் குழாயில், சீட்டுக்கு முடிந்தவரை பக்கத்தில் சுற்றுங்கள். பிரேக் பைப்பும் ஹேண்ட்பிரேக் கேபிளும் பெல்ட்டுக்கு அடியில் சிக்கவில்லை என்று விரலால் தடவிப் பாருங்கள். இழுத்த பிறகு பார்த்தால் பைப் ஏற்கெனவே நசுங்கியிருக்கும். ஆக்சில் பின்னால் தள்ளி நின்றால் மறுமுனை அதே பக்கத்து முன் ஹேங்கர் பிராக்கெட்டுக்கு (முன்கண் சேஸிஸில் மாட்டும் இடம்), முன்னால் நின்றால் பின்பக்கக் குறுக்குச் சட்டத்துக்கு. தொய்வை முதலில் கையால் முழுக்க இழுத்துவிட்டு அப்புறம்தான் கைப்பிடி. ராட்செட்டின் உருளையில் பெல்ட் இரண்டு சுற்று ஏறினால் போதும். ஒன்றரைக்குக் கீழே என்றால் வழுக்கும். மூன்றைத் தாண்டினால் உருளை தடித்து இழுவை குறையும், கழற்றும்போது சிக்கிக்கொள்ளும். ஒரு பல் இழுப்பு, ஒரு பார்வை, ஜாக்கியில் ஒரு சின்ன ஏற்றம் என்று மாறி மாறிப் போனால் போல்ட் தலை குழிக்குள் தானாக இறங்கும். யு போல்ட் நட்டுகளைக் குறுக்கு வாட்டத்தில் முறுக்கிய பிறகே பெல்ட்டைக் கழற்றுங்கள். கண் போல்ட்டும் சாக்கிளும் கடைசி முறுக்கு வாங்க வேண்டியது வண்டி தன் எடையோடு சக்கரத்தில் நின்ற பிறகு. தொங்கும் நிலையில் முறுக்கினால் ரப்பர் புஷ் திருகிய நிலையிலேயே பிடித்துக்கொண்டு சீக்கிரம் கிழிந்துவிடும்.

இங்கே டிராலி ஜாக்கி என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. ஆக்சில் நகரும்போது சக்கரமுள்ள ஜாக்கி கூடவே உருளும். அது உருளும் திசையும் இழுக்கும் திசையும் ஒன்றாக இருக்கும்படி வையுங்கள். பாட்டில் ஜாக்கி சாய்ந்து விழும்.

இதைவிட முக்கியமான விதி ஒன்று: பெல்ட்டின் இரண்டு முனையும் அதே வண்டியில்தான் இருக்க வேண்டும். அப்படியிருந்தால் இழுவை வண்டிக்குள்ளேயே சமன்பட்டுப் போகும், ஸ்டாண்டுக்குத் தெரியக்கூடத் தெரியாது. ஒரு முனையைப் பட்டறைத் தூணிலோ பக்கத்து லாரியிலோ கட்டினால் ஆக்சிலோடு சேர்த்து மொத்த வண்டியையும் ஸ்டாண்டிலிருந்து இழுக்கிறீர்கள்.

சாக்கிளையே பெல்ட்டால் இழுத்துக் கமானை நீட்டிவிடலாமே என்று தோன்றும். வேண்டாம். கமானை நேராக்கத் தேவைப்படும் விசை வேறு ரகம், அதற்கு ஆக்சிலுக்கடியில் ஜாக்கி கொடுத்துப் பாரம் ஏற்றுவதுதான் வழி. பெல்ட்டின் லேபிளில் எல்சி 2500 டெக்காநியூட்டன், அதாவது ஏறக்குறைய இரண்டரை டன் என்று இருக்கும். அது பெல்ட் தாங்கும் அளவு, நீங்கள் இழுக்கும் அளவு இல்லை. பக்கத்திலேயே எஸ்டிஎஃப் என்று இன்னொரு எண் உண்டு. கைப்பிடியில் 50 கிலோ அழுத்தம் கொடுத்தால் பெல்ட்டில் மிஞ்சும் இழுவை அதுதான். 50 மில்லிமீட்டர் சாதாரண ராட்செட்டில் அது பெரும்பாலும் 300 கிலோவை ஒட்டித்தான். ஓட்டையை நேராக்க இது தாராளம். போதவில்லை என்றால் எங்கோ ஏதோ மாட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். கைப்பிடியில் பைப் செருகி நீட்டினால் முதலில் வளைவது பூட்டுத் தகடு.

காரின் முன்சக்கரத்தைக் கீழே பிடிக்கும் லோயர் ஆர்மில் இடம் குறைவு, அங்கே 25 மில்லிமீட்டர் பெல்ட்டே போதும். புஷ் ஓட்டை, ஆர்ம் மாட்டும் சட்டமான சப் ஃபிரேமின் ஓட்டைக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் வெளியே நின்றால், இந்தப் பக்கத்து ஆர்மையும் எதிர்ப்பக்கத்து ஆர்மையும் சேர்த்துக் கட்டி இழுக்கலாம். ஸ்டியரிங் ராடு, டிரைவ் ஷாஃப்ட், பிரேக் ஹோஸ் மூன்றிலும் கொக்கி படக்கூடாது. கடைசி ஒரு மில்லிமீட்டருக்குக் கூம்பு முனைக் கம்பியை ஓட்டையில் விட்டு நேராக்குங்கள். ஓட்டை சேர்ந்துவிட்டதா என்று விரலை விட்டுப் பார்க்கிற பழக்கம் இருக்கிறதே, அதை இன்றோடு விட்டுவிடுங்கள். புஷ் நழுவினால் அந்த ஓட்டை கத்தரிக்கோல்.

ஸ்ட்ரட்டின் (ஸ்பிரிங்கோடு சேர்ந்த ஷாக் அப்சார்பர்) இரண்டு போல்ட்டுகளைக் கழற்றியதும் சக்கரம் மாட்டியிருக்கும் நக்கிள் வெளிப்பக்கம் சாயும், உள்பக்க டிரைவ் ஷாஃப்ட் ஜாயின்ட் பிரிந்து வர வாய்ப்புண்டு. கழற்றும் முன்பே ஒரு பெல்ட்டால் இதமாகப் பிடித்துக் கட்டிவிட்டால் அந்தத் தலைவலி இல்லை. கியர்பாக்ஸ் இறக்கும்போதும் அதை ஜாக்கித் தட்டோடு சேர்த்துக் கட்டலாம். கனத்தைத் தாங்குவது ஜாக்கி, பெல்ட் சாயாமல் பிடிப்பது மட்டும். இன்ஜினையோ கியர்பாக்ஸையோ பெல்ட்டில் தொங்கவிடாதீர்கள். தூக்குவதற்கு அல்ல என்று லேபிளிலேயே போட்டிருக்கும். சஸ்பென்ஷன் காயில் ஸ்பிரிங்கை இதால் அமுக்குவதும் அப்படியே. ஸ்பிரிங் பக்கவாட்டில் நழுவினால் பெல்ட்டால் ஒன்றும் செய்ய முடியாது.

டியூப்லெஸ் டயர் ரிம்மில் ஒட்டாமல் காற்று பக்கவாட்டில் போய்க்கொண்டே இருந்தால் டயர் தரையில் படும் பட்டன் முகத்தின் நடுவே பெல்ட்டைச் சுற்றி இறுக்குங்கள். நடு அமுங்கும், ஓரங்கள் ரிம்மைத் தேடிப் போகும். வால்வு ஊசியைக் கழற்றிவிட்டு ஓரத்தில் சோப்புத் தண்ணீர் தடவிக் காற்றடியுங்கள். காற்று நிற்கத் தொடங்கியதுமே காற்றை நிறுத்திப் பெல்ட்டைக் கழற்றிவிடுங்கள். கார் டயரை உட்காரவைக்க 40 பிஎஸ்ஐக்கு மேல் போகக்கூடாது.

கழற்றும் நேரத்தில் கவனம் தேவை. கைப்பிடியை 180 பாகைக்கு முழுக்க விரித்ததும் மொத்த இழுவையும் ஒரே நொடியில் விட்டுவிடும். செயின் பிளாக் மாதிரி மெல்ல மெல்ல இறக்க இதில் வழியில்லை. அதனால் போல்ட் முழுக்க ஏறியிருக்க வேண்டும், இல்லையென்றால் ஜாக்கியோ கடப்பாரையோ கொடுத்து இழுவையைக் குறைத்துக்கொண்டு விரியுங்கள். முகம் பெல்ட்டின் நேர்க்கோட்டில் இருக்கக்கூடாது.

வாங்கும்போது கொக்கி இல்லாத, வளையமாகச் சுற்றும் வகை ஒன்றும், இரட்டைக் கொக்கி வகை ஒன்றும் எடுங்கள். பட்டறைக்கு முதலாவதே அதிகம் உதவும், சேஸிஸில் கொக்கியின் வளைவு முழுசாக உட்காரும் இடம் எளிதில் கிடைக்காது. கொக்கி நுனியில் இழுத்தால் விரிந்துவிடும். நீல லேபிள் என்றால் பாலியஸ்டர், பச்சை நைலான். பாலியஸ்டரே மேல், நீட்சி குறைவு. ஆனால் காஸ்டிக் சோடா கலந்த தண்ணீரில் அதைக் கழுவாதீர்கள், காரம் இழையைத் தின்றுவிடும். நைலானுக்கு பேட்டரி ஆசிட் எமன். 120 டிகிரிக்கு மேல் பாலியஸ்டரும் ஆகாது, ஆகவே சூடான சைலன்சர் பக்கம் போகக்கூடாது. சேஸிஸின் கூர்விளிம்பில் பழைய டியூப் துண்டு ஒன்றை மடித்து வைத்துப் பெல்ட்டை ஓட்டுங்கள். ஓரத்தில் வெட்டு விழுந்த பெல்ட்டை முடிச்சுப் போட்டு ஓட்டுவதைவிடத் தூக்கிப் போடுவது மலிவு.