பிரஸ் ஸ்க்ரூ மாற்றும்போது ஆற்றலைப் பூட்டிய அனுபவம்

மலேசியாவில் தெலுக் இந்தான் பக்கத்துச் செம்பனை எண்ணெய் ஆலை ஒன்றில், இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் பிட்டராக வேலை செய்கிறேன். மின்சாரத்தை நிறுத்திவிட்டால் இயந்திரம் அடங்கிவிட்டது என்று நம்புகிறவர்கள் இன்னும் இருப்பதால், பழத்தைப் பிழிந்து எண்ணெய் எடுக்கும் பிரஸ் இயந்திரத்தில் தேய்ந்த ஸ்க்ரூவை (திருகை) அண்மையில் மாற்றிய விதத்தை எழுதுகிறேன்.

அறுத்த குலை காத்திருக்கக் காத்திருக்க எண்ணெயில் அமிலம் ஏறும். லாரிகள் வாசலில் நிற்கும்போது சீக்கிரம் முடிக்கச் சொல்லும் நெருக்கடியும் ஏறும். அப்படியிருந்தும், இயந்திரத்துக்குள் எந்தெந்த வழியில் ஆற்றல் வருகிறது, எது உள்ளேயே தங்கியிருக்கிறது என்று முதலில் உட்கார்ந்து எழுதினோம். 1994ஆம் ஆண்டின் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தில் 2024 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம், இடர் மதிப்பீட்டை முதலாளியின் கடமையாகவே ஆக்கியிருக்கிறது.

பிரஸ், அதற்கு முன் பழத்தைச் சூடாக்கிக் குழைக்கும் டைஜெஸ்டர் ஆகிய இரண்டின் மோட்டார்களுக்கும் போகும் மின்சாரத்தை, மின் வேலைக்குத் தகுதிபெற்ற சார்ஜ்மேன் துண்டித்த பிறகு, வேலையில் இறங்கிய ஒவ்வொருவரும் தம் பெயர் எழுதிய அட்டையோடு சொந்தப் பூட்டை மாட்டி, சாவியைத் தம்மிடமே வைத்துக்கொண்டோம். சார்ஜ்மேன் தம் சோதனைக் கருவியை மின்சாரம் உள்ள இடத்தில் வைத்துப் பார்த்து, பிறகு எங்கள் இணைப்பில் வைத்து, மீண்டும் முதல் இடத்திலேயே சரிபார்த்தார். கருவியே பழுதாகியிருந்தால் இல்லாத பாதுகாப்பை இருப்பதாகக் காட்டிவிடும் அல்லவா? அதன்பின் ஸ்டார்ட் பொத்தானையும் அழுத்திப் பார்த்தோம், எதுவும் அசையவில்லை.

எனக்கு அதிகக் கவலை தருவது நீராவிதான். டைஜெஸ்டருக்குள் பழம் 90 பாகை செல்சியஸுக்கு மேல் வெந்துகொண்டிருக்கும். அங்கே போகும் குழாயில் ஒரே வால்வை மூடிவிட்டு நம்பினால், அதன் இருக்கை தேய்ந்திருந்தால் நீராவி கசிந்து வரும். ஆகவே இரண்டு வால்வுகளை மூடிச் சங்கிலியிட்டுப் பூட்டி, இடையில் உள்ள வடிகாலைத் திறந்தே வைத்தோம். காலியாக்கிய டைஜெஸ்டர் ஆறும்வரை யாரும் கதவைத் தொடவில்லை. பிரஸ்ஸின் முனையில் உள்ள கூம்பை அழுத்தும் ஹைட்ராலிக் எண்ணெயைத் தொட்டிக்குத் திருப்பிவிட்டபோது, அழுத்தமானியின் முள் இறங்குவதை நின்று கவனித்தோம். முன்பே பூஜ்யத்தில் நிற்கும் முள் சிக்கிக்கொண்டதாகவும் இருக்கலாம். கனமான ஸ்க்ரூவை, பாரம் தூக்கும் சங்கிலிக் கருவியான செயின் பிளாக்கில் தாங்கிய பிறகே போல்ட்டுகளைக் கழற்றினோம்.

வேலை முடிந்தபோது ஒரு பூட்டு மட்டும் மிஞ்சியிருந்தது. அது ஒப்பந்தத் தொழிலாளியான ஒரு தம்பியுடையது. அவர் தேநீர் குடிக்கப் போயிருந்தார். “வெட்டி எடுங்கள் அண்ணே” என்று சிலர் அவசரப்பட்டார்கள். நான் மறுத்துவிட்டேன். அவர் வந்து தம் கையால் திறந்தபின், கருவிகளை எண்ணி, காப்பு மூடிகளைப் பொருத்தி, ஆட்கள் விலகியதைப் பார்த்துவிட்டு மின்சாரம் கொடுத்தோம். நீராவி வால்வை மட்டும் மிக மெதுவாகத் திறந்தோம். குளிர்ந்த குழாயில் தேங்கிய நீரை நீராவி வேகமாகத் தள்ளினால் இணைப்புகளே உடையும்.