கல்லுக்குப் பேரு கடைசியில வரட்டும்

நான் கல்லு பொறுக்கற ஆளுன்னு தெரிஞ்சதுலேர்ந்து தெரிஞ்சவங்க எல்லாம் போன்ல போட்டோ அனுப்பி "இது என்ன கல்லு, விலை போகுமா?"ன்னு கேக்கறாங்க. கையில வச்சு எடுத்த போட்டோவா இருக்கும், தண்ணில நனைச்சு பளபளன்னு வேற இருக்கும், எங்க கிடந்துச்சுன்னு மட்டும் ஒரு வார்த்தை இருக்காது. அந்த போட்டோல எனக்குத் தெரியறது கலரு ஒண்ணுதான், கல்லு விஷயத்துல கலரு மாதிரி ஏமாத்தறது வேற எதுவும் கிடையாது. வெங்கச்சாங்கல்லுன்னு சொல்றோமே குவார்ட்ஸ், அது ஒண்ணையே எடுத்துக்கங்க, வெள்ளை, ரோஸ், ஊதா, மஞ்சள், புகை படிஞ்ச மாதிரின்னு எல்லா கலர்லயும் கிடைக்கும், எல்லாமே அடிப்படையில அதே சிலிக்கானும் ஆக்சிஜனும்தான். அதனால பேரை விடுங்க, அது கடைசியில வரட்டும், முதல்ல கல்லை நாலு கேள்வி கேப்போம்.

கேக்கறதுக்கு முன்னாடி உடைக்கணும். வெளில வெயில் மழைல கிடந்த கல்லுக்கு மேல ஒரு பொருக்கு மாதிரி படிஞ்சிருக்கும், இரும்பு இருந்தா துரு ஏறி பழுப்பா இருக்கும், ஃபெல்ட்ஸ்பார்ங்கற கனிமம் இருந்தா அது மெதுவா களிமண்ணா மாறி மங்கலா மாவு மாதிரி ஆயிருக்கும். அதைப் பாத்து எதையும் சொல்லக்கூடாது. புதுசா உடைச்ச முகம் வேணும். அதுக்கு பாறை உடைக்கறதுக்குன்னே செஞ்ச சுத்தியல் வாங்கிக்கங்க, ஆணி அடிக்கற சுத்தியல்ல கல்லை அடிச்சா இரும்புச் சில்லு தெறிச்சு கண்ணுல ஏறும், எந்த சுத்தியலா இருந்தாலும் கண்ணாடி போடாம அடிக்காதீங்க. இதுல எனக்கு சமரசமே கிடையாது.

உடைச்ச முகத்தை 10 மடங்கு பெருசா காட்டற லென்ஸ்ல பாக்கணும். லென்ஸை கண்ணோட ஒட்டி வச்சுக்கிட்டு கல்லைத்தான் கிட்ட கொண்டு வரணும், நிறைய பேர் துப்பறியும் கதைல வர்ற மாதிரி லென்ஸை தூரத்துல பிடிச்சுக்கிட்டு ஒண்ணுமே தெரியலையேங்கறாங்க. வெயில்ல கல்லை லேசா திருப்பித் திருப்பிப் பாருங்க, சில பரல் மட்டும் சட்டுன்னு கண்ணாடி மாதிரி மின்னி அணையும், அது ஃபெல்ட்ஸ்பார், ஏன்னா அது தட்டையான தளத்துல பிளக்கும். பக்கத்துலயே எண்ணெய் தடவின கண்ணாடித் துண்டு மாதிரி, எப்படித் திருப்பினாலும் மின்னாம சாம்பலா உக்காந்திருக்கறது குவார்ட்ஸ், அதுக்கு அப்படி பிளவுத் தளம் கிடையாது. ஏடு ஏடா நகத்தாலயே உரிஞ்சா காக்காப்பொன், அதாவது மைக்கா. மூணும் கண்ணுக்குத் தெரியற அளவு பரலா, திசை இல்லாம கலந்து கிடந்தா கிரானைட் வகையறா, பூமிக்குள்ள ஆழத்துல மெதுவா ஆறின பாறை. அதே கனிமங்கள் கோடு கோடா பட்டை பட்டையா வரிசை கட்டி நின்னா அது அழுத்தத்துலயும் சூட்டுலயும் மாறின நைஸ்ங்கற பாறை. பாதி பேரு ரெண்டையும் கிரானைட்டுன்னுதான் சொல்றாங்க, கல் விக்கறவங்களும் அப்படித்தான் விக்கறாங்க.

அடுத்தது கடினம். 1812ல ஃப்ரெட்ரிக் மோஸ்ங்கற ஜெர்மன் கனிமவியலாளர் பத்து கனிமத்தை வரிசைப்படுத்தினாரு, மாக்கல்லுல இருக்கற டால்க் 1, வைரம் 10. இது வெறும் வரிசைதான், அளவு இல்ல, 9ல இருக்கற குருந்தத்தை விட 10ல இருக்கற வைரம் கிட்டத்தட்ட நாலு மடங்கு கடினம். களத்துக்கு இதெல்லாம் மனப்பாடம் தேவையில்ல, நகம் சுமார் 2.5, கத்தியும் ஜன்னல் கண்ணாடியும் சுமார் 5.5, இந்த ரெண்டு எண் போதும். வெள்ளையா ஒரு கல்லு, கத்தி கீறுதுன்னா சுண்ணாம்புக்கல்லுல இருக்கற கால்சைட்டா இருக்கலாம் அது 3, கத்தி வழுக்கிக்கிட்டுப் போயி கல்லு கண்ணாடியக் கீறுதுன்னா குவார்ட்ஸா இருக்கலாம் அது 7. ஒரு சின்ன விஷயம், கீறின இடத்தை விரலால துடைச்சுப் பாருங்க, சில நேரம் கத்தியோட இரும்புதான் கல்லு மேல கோடா ஒட்டியிருக்கும், துடைச்சா போயிடும், அப்ப தோத்தது கத்தி.

உலோகம் மாதிரி மின்னற கனிமத்துக்கு மெருகு போடாத பீங்கான்ல உரசிப் பாக்கறது நல்ல வழி, டைல்ஸோட பின்பக்கம் போதும். ஹேமடைட்ங்கற இரும்புத் தாது வெளில கருப்பா வெள்ளியா எப்படி இருந்தாலும் செம்பழுப்புக் கோடுதான் போடும், மேக்னடைட்ங்கற இன்னொரு இரும்புத் தாது கருப்பு. தங்கம்னு நம்பி எடுத்துட்டு வர்ற பைரைட் பச்சை கலந்த கருப்பா கோடு போடும், நிஜத் தங்கம் மஞ்சளாவே போடும். பைரைட்டை அடிச்சா தூளாகும், தங்கம் நசுங்கும்.

ஆசிட் டெஸ்ட்டுக்கு 10 சதவீத ஹைட்ரோகுளோரிக் ஆசிட் ஒரு சொட்டு. கால்சைட் சர்ருனு நுரைக்கும், அது மாதிரியே இருக்கற டோலமைட் சும்மா இருக்கும், ஆனா சுரண்டித் தூளாக்கி அது மேல விட்டா மெதுவா நுரைக்கும். நுரைச்ச உடனே சுண்ணாம்புக்கல்லுன்னு எழுதிடாதீங்க, மணற்கல்லுல பரலை ஒட்ட வச்சிருக்கற பசை கால்சைட்டா இருந்தா அதுவும்தான் நுரைக்கும், எது நுரைக்குது, பரலா பசையான்னு லென்ஸ்ல பாக்கணும்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது அடர்த்தி பாக்கறது, ஏன்னா இதுல அபிப்ராயத்துக்கு இடமில்ல. கல்லை முதல்ல காய்ஞ்ச நிலைல எடை போட்டுக்கங்க. அப்புறம் டிஜிட்டல் தராசு மேல ஒரு பாத்திரத்துல தண்ணி வச்சு சைபர் ஆக்கிட்டு, கல்லை நூல்ல கட்டி முழுசா முங்கற மாதிரி, ஆனா அடியிலயும் பக்கத்துலயும் முட்டாம தொங்க விடுங்க, இப்ப தராசு எத்தனை கிராம் காட்டுதோ அதுதான் கல்லோட கன அளவு, கன சென்டிமீட்டர்ல. முதல் எடையை இதால வகுத்தா அடர்த்தி. குவார்ட்ஸ் 2.65, கால்சைட் 2.71, இது ரெண்டும் கிட்டக்கிட்ட இருக்கறதால இங்க உதவாது, ஆனா வெள்ளையா கால்சைட் மாதிரியே இருக்கற பாரைட் 4.5, மேக்னடைட் 5.2, ஈயத்தாது கலினா 7.5, இதெல்லாம் உடனே மாட்டிக்கும். துவாரம் நிறைஞ்ச கல்லுக்கு மட்டும் இது சரி வராது, உள்ள காத்து இருக்கும்.

இவ்வளவும் செஞ்சு கல்லு வந்த இடத்தை எழுதலன்னா பாதி வேலை வீண். ஆத்துப் படுகைல உருண்டு கிடந்ததா, இல்ல பாறையிலேர்ந்தே உடைச்சதா? முதலாவது எங்கேர்ந்தோ வந்த விருந்தாளி, ரெண்டாவதுதான் அந்த இடத்தோட கதையைச் சொல்லும். நான் உடைக்கறதுக்கு முன்னாடி பக்கத்துல பேனா வச்சு ஒரு போட்டோ, ஜிபிஎஸ் எண், சுத்தி என்ன பாறை, அடுக்கு எந்தப் பக்கம் சாயுதுன்னு நோட்டுல எழுதிட்டு, கல்லு மேல ஒரு ஓரமா வெள்ளைப் பெயின்ட் பொட்டு வச்சு அதுல நம்பர் போடுவேன். பைக்குள்ள தனிச் சீட்டு போட்டா சீட்டு ஒரு நாள் வேற கல்லோட போயிடும். கைப்பிடி அளவு போதும், பாதுகாக்கப்பட்ட இடத்துல சுத்தியலை வெளிலயே எடுக்காதீங்க, நில உரிமைக்காரர்கிட்ட கேட்டுட்டு எடுங்க. நார் நாரா பிரியற கல்லை உடைக்காதீங்க, ஆஸ்பெஸ்டாஸா இருக்கலாம். நாக்குல வச்சுப் பாக்கற பழக்கமும் வேண்டாம், கலினாவுல ஈயம், சிவப்பா அழகா இருக்கற சின்னபார்ல பாதரசம்.

கடைசியா விண்கல். வாரத்துக்கு ஒருத்தராவது கேக்கற மாதிரி ஒரு பிரமை எனக்கு. காந்தம் ஒட்டுதுங்கறதுதான் எல்லாரோட ஆதாரம், மேக்னடைட்டும்தான் ஒட்டும், உலையில கழிச்ச கசடும்தான் பல நேரம் ஒட்டும். உள்ள குமிழி குமிழியா ஓட்டை இருந்தா பெரும்பாலும் அது கசடு, இல்லன்னா பசால்ட்ங்கற எரிமலைப் பாறை. பீங்கான்ல கருப்பாவோ சிவப்பாவோ பளிச்சுன்னு கோடு போட்டா இரும்புத் தாது. குவார்ட்ஸ் பரல் தெரிஞ்சா அது நம்ம பூமிக் கல்லுதான். இதெல்லாம் தாண்டியும் சந்தேகம் மிச்சம் இருந்தா, பலமான காந்தத்தை அது மேல ஒட்டி ஒட்டிப் பாக்காதீங்க, நிஜமாவே விண்கல்லா இருந்தா அதுக்குள்ள பதிவாகியிருக்கற பழைய காந்தத் தடம் அழிஞ்சிடும். நேரா ஒரு புவியியல் துறைக்கு எடுத்துட்டுப் போங்க, நிக்கல் இருக்கான்னு அவங்க பாத்துச் சொல்லுவாங்க, எடுத்த இடத்தோட குறிப்பையும் மறக்காம கொண்டு போங்க, முதல் கேள்வியே அதுதான் கேப்பாங்க.